மருத்துவமனை ஹவுஸ்கீப்பிங் வேலையில் முதல் நாள்: பதற்றத்தைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாளைக் காலை 7 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்கு ஒரு வழி பிறந்ததே என்ற நிம்மதி இருந்தாலும் ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை. ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டால்? ஊசி குத்திவிட்டால்? ஏதாவது நோய் ஒட்டி, அது வீட்டில் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டால்? தொடக்கூடாததைத் தொட்டு டாக்டரிடம் திட்டு வாங்கினால்? கையில் மாப்போடு நிற்கும்போது ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால்?

புதிதாகச் சேர்பவர்களுக்கு வேலை பழக்கிவிடும் பொறுப்பில் இருக்கிறேன். அவர்கள் கேட்பதும், கேட்கத் தயங்குவதும் இவைதான். "தைரியமா இருங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தப் பயங்களில் பாதிக்கு மேல் மருத்துவமனையிலேயே ஏற்கெனவே ஒரு முறை வகுத்து வைத்திருக்கிறார்கள். அதை யாரும் முன்கூட்டியே சொல்லித்தருவதில்லை, அதனால்தான் நெஞ்சு படபடக்கிறது. தமிழ்நாட்டில் ஒப்பந்த நிறுவனம் வழியாக அரசு அல்லது தனியார் மருத்துவமனையில் சேர்பவர்களை மனதில் வைத்து, முந்தின நாளிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. முந்தின நாள் சாயங்காலம்

முதலில் சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். எந்த வாசல், எந்த கட்டடம், போனதும் யாரைப் பார்க்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் கட்டடங்கள் பல. உள்ளே வழி தெரியாமல் அலைந்தாலே அன்றைய நாளின் பதற்றம் இரண்டு மடங்காகிவிடும். முடிந்தால் முந்தின நாளே ஒரு நடை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பஸ் எத்தனை மணிக்கு என்பதும் தெரிந்துவிடும்.

ஆதார், பேங்க் பாஸ்புக் நகல்கள், இரண்டு போட்டோ, முன்பே வேறு எங்காவது பி.எஃப். பிடித்திருந்தால் அந்த யூ.ஏ.என். எண், எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கயிறு எதுவும் வேண்டாம். அவற்றுக்கு அடியில் அழுக்கு தங்கும், கையுறையும் கிழியும். தாலிச் செயினை யூனிஃபார்முக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம். தலையில் பூ வைக்காமல் போவது நல்லது. முன்பக்கம் மூடிய, அடியில் வழுக்காத செருப்போ ஷூவோ கட்டாயம் தேவை. ரப்பர் செருப்போடு வார்டு வேலைக்குப் போகாதீர்கள். ஈரத் தரையில் வழுக்கும், ஊசி கீழே கிடந்தால் பாதத்தில் ஏறும்.

2. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள்

பதற்றத்தில் பசிக்காது. ஆனாலும் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ உள்ளே போகட்டும். முதல் நாள் தலைசுற்றி உட்காருபவர்களிடம் "காலையில என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டால் பெரும்பாலும் "டீ மட்டும்தான்" என்பார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கும்போது இதயம் அடித்துக்கொண்டால், மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வாயால் விடுங்கள். ஏழெட்டு முறை செய்தால் போதும். மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு இறங்கும்.

3. முதல் ஒரு மணி நேரம்: கேட்க வேண்டிய ஐந்து

யூனிஃபார்ம் மாட்டியதும் கையில் மாப்பைக் கொடுத்து "அந்த வார்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. முறைப்படி அப்படிச் செய்யக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் எல்லாருக்கும் வேலையில் சேரும்போதே பயிற்சி தர வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது தர வேண்டும். உடல் பரிசோதனைக்கும் இதே கணக்கு. கையுறை, மாஸ்க் முதலானவற்றைத் தருவதும், ஹெப்படைட்டிஸ் பி (ரத்தம் வழியாகவும் பரவும் கல்லீரல் நோய்), டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும் மருத்துவமனையின் கடமை. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் இவற்றில் எதுவும் குறைந்துவிடாது.

பயிற்சி எப்போது என்று கேளுங்கள். அதற்கு முன்பே வேலை தொடங்க வேண்டி வந்தால் இந்த ஐந்தையும் கேட்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள்:

எனக்கு எந்தப் பகுதி, எங்கே போகக் கூடாது?
கை கழுவும் இடம் எங்கே?
துடைப்பதற்கான மருந்துத் தண்ணீரை (கிருமிநாசினி) யார் கலக்கித் தருவார்கள்?
ஊசி குத்திவிட்டால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?
இன்று நான் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறேன்?

கடைசிக் கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முதல் நாள் தனியாக ஒரு வார்டைத் தருவது சரியில்லை. "அக்கா, நான் இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கேன். உங்க கூடவே இருந்து பார்த்துக்கிறேன்" என்று பழைய ஆள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னவர்களைத் துரத்தியவர்களை நான் பார்த்ததில்லை.

4. கை

தொற்று பயத்துக்கு முதல் பதில் கை கழுவுவதுதான். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி; உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி, எதையும் விடாமல் தேய்க்க வேண்டும். கட்டைவிரலைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சானிடைசர் போதாது, சோப்புதான்.

கையுறை போட்டிருக்கிறோமே என்று அதே கையோடு கதவு, லிஃப்ட் பட்டன், போன் எல்லாவற்றையும் தொடாதீர்கள். கையுறையைக் கழற்றிய பிறகும் கை கழுவ வேண்டும்.

5. நான்கு நிறங்கள்

வார்டில் வரிசையாக நிற்கும் கலர் கலரான பக்கெட்டுகளைப் பார்த்துத்தான் பலர் மிரள்கிறார்கள். பஸ்ஸில் போகும்போதே மனதில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளில் ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, உடலிலிருந்து எடுத்த திசு, காலாவதியான மருந்து ஆகியவை போகும். இவை பெரும்பாலும் எரிக்கப்படுபவை. சிவப்பில் பயன்படுத்திய பிளாஸ்டிக் போகும்: டிரிப்ஸ் டியூப், யூரின் பேக், ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை. வெள்ளை என்பது உள்ளே தெரிகிற, குத்தினாலும் ஓட்டை விழாத கெட்டியான டப்பா. ஊசி, பிளேடு போன்ற கூர்மையானவை எல்லாம் அதில். நீலத்தில் மருந்துக் குப்பி, உடைந்த கண்ணாடி. சாப்பாட்டு மிச்சம், பேப்பர், பிஸ்கட் கவர் போன்ற சாதாரணக் குப்பைக்குத் தனித் தொட்டி இருக்கும். அதன் நிறம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரித்துப் போடுவது முதலில் நர்ஸ், டாக்டர், டெக்னீசியன் ஆகியோரின் வேலை. கழிவு உண்டாகிற இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே சிவப்புக் கவருக்குள் ஊசி கிடப்பதைப் பார்த்தால் கையை விட்டு எடுத்துச் சரிசெய்யாதீர்கள். "சிஸ்டர், இதுல ஊசி கிடக்கு, கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டுங்கள். முதல் நாளே இப்படிச் சொல்லலாமா என்று தயக்கம் வரும். தாராளமாகச் சொல்லலாம்.

கவர் முக்கால் பங்கு நிறைந்ததும் கழுத்தைக் கட்டிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று கையாலோ காலாலோ அமுக்கக் கூடாது. தூக்கும்போது கழுத்தைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். தோளில் போடுவது, நெஞ்சோடு அணைப்பது, தரையில் இழுப்பது எல்லாம் வேண்டாம். உள்ளே தவறிப்போன ஒரு ஊசி இருந்தாலும் குத்தும்.

6. ஊசி குத்திவிட்டால்

நேராகவே பேசிவிடுவோம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும், தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1000-ல் 3 தான். ஹெப்படைட்டிஸ் பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவருக்கு 100-ல் 30 வரை வாய்ப்பு உண்டு. ஆனால் அதைத் தடுக்கத்தான் தடுப்பூசி இருக்கிறது. அதனால்தான் சேர்ந்த உடனே ஹெப்படைட்டிஸ் பி ஊசியைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

குத்திய உடனே செய்ய வேண்டியது: கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அமுக்கிப் பிழிந்து ரத்தம் எடுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், டெட்டாலோ பிளீச்சிங்கோ ஊற்றாதீர்கள். கழுவி முடித்ததும் நேராக வார்டு சிஸ்டரிடமோ சூப்பர்வைசரிடமோ போய்ச் சொல்லுங்கள். ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தருவார்கள். 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

வேலை போய்விடுமோ, திட்டுவார்களோ என்று ஊசி குத்தியதை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். டூட்டி முடியட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சொன்னதோடு நிறுத்தாமல், சம்பவத்தைப் பதிவேட்டில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

குத்தாமல் இருக்க ஒரு பழக்கம் போதும்: தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள். கட்டிலில் விரித்திருக்கும் பெட்ஷீட்டைச் சட்டென்று சுருட்டி அணைத்துத் தூக்குவதுதான் நம் வீட்டுப் பழக்கம். இங்கே முதலில் நான்கு மூலையையும் மெதுவாகத் தூக்கி, மேலே ஊசியோ கேனுலாவோ (டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தும் குழாய்) கிடக்கிறதா என்று பார்த்து, உள்பக்கமாக மடித்துக்கொண்டே வாருங்கள். உதறாதீர்கள். தலையணை உறைக்குள்ளும் கையை விடாமல், தலைகீழாகப் பிடித்து விழவிட்டுப் பாருங்கள். தரையில் ஊசி கிடந்தால் இடுக்கியால் எடுத்து வெள்ளை டப்பாவில் போடுங்கள். இடுக்கி இல்லையென்றால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

7. ரத்தம், நாற்றம், மயக்கம்

ரத்தத்தைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வருவது கோழைத்தனம் இல்லை. சிலருக்கு அந்த நேரத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, குமட்டல், காதில் ஒரு இரைச்சல், இவைதான் முன்னறிகுறி. அப்போது தொடை, வயிறு, கை தசைகளைக் கெட்டியாக இறுக்கிப் பத்துப் பதினைந்து விநாடி பிடித்து விடுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இறங்கிய அழுத்தம் ஏறும். அப்படியும் முடியவில்லை என்றால் கூச்சம் பார்க்காமல் சுவரோரம் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ளுங்கள். நின்றபடி விழுந்தால்தான் தலையில் அடிபடும்.

கையில் ஒரு வேலைமுறை இருந்தால் ரத்தம் அவ்வளவு பயமுறுத்தாது. தரையில் ரத்தம் சிந்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஈரத் தரை போர்டை வைத்து ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கெட்டிக் கையுறையும் மாஸ்க்கும் போடுங்கள். உடைந்த கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடுக்கியால் எடுக்க வேண்டும். ரத்தத்தின் மேல் டிஷ்யூவோ பழைய துணியோ போட்டு மூடி, அதன் மேல் 1 சதவீத ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி) ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக ஊற்றுங்கள். 10 நிமிடமாவது அப்படியே விடுங்கள். கிருமி சாவதற்கான நேரம் அது. அவசரப்பட்டு உடனே துடைத்தால் பரப்பிவிட்டதாகத்தான் ஆகும். பிறகு எல்லாவற்றையும் அள்ளி மஞ்சள் கவரில் போட்டு, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். சிறுநீர் சிந்தியிருந்தால் அதன் மேல் நேரடியாக ஹைப்போ ஊற்றாதீர்கள், கெட்ட வாயு கிளம்பலாம். முதலில் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

ஹைப்போ கேனில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 1 மக்குக்கு 4 மக் தண்ணீர். அதுதான் 1 சதவீதம். 10 சதவீதம் என்றால் 1-க்கு 9. லேபிளைப் பார்க்காமல் கலக்கக் கூடாது. அன்றன்றைக்குப் புதிதாக, பச்சைத் தண்ணீரில், காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். ஹைப்போவையும் டாய்லெட் ஆசிடையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வந்து மூச்சை அடைக்கும், கதவு மூடிய டாய்லெட்டில் உயிருக்கே ஆபத்து. "ரெண்டையும் போட்டா நல்லா வெளுக்கும்" என்று பழைய ஆட்களே சொல்லக்கூடும். கேட்காதீர்கள்.

நாற்றத்துக்கு இரண்டு மூன்று நாளில் மூக்கு பழகிவிடும். அதுவரை மாஸ்க் போட்டு வாயால் மூச்சு விடலாம்.

8. துடைக்கும் வரிசை

வீட்டில் பெருக்கித் துடைப்பது போல இங்கே செய்ய முடியாது. நோயாளி இருக்கும் பகுதியில் துடைப்பம் கூடாது, தூசியோடு கிருமியும் பறக்கும். ஈர மாப்தான். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கும், மேலிருந்து கீழுக்கும், உள்ளேயிருந்து வாசலுக்கும் வர வேண்டும். டாய்லெட் கடைசி, டாய்லெட் மாப்பை வார்டுக்குள் கொண்டுவரவே கூடாது. பல மருத்துவமனைகளில் மூன்று பக்கெட் முறை இருக்கிறது. ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் மாப்பை அலசும் வெறும் தண்ணீர், ஒன்றில் கிருமிநாசினி. தண்ணீர் கலங்கினால் மாற்றிவிடுங்கள்.

தரை பளபளப்பதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் நோயாளியின் கையும் நர்ஸின் கையும் திரும்பத் திரும்பப் படுவது கட்டில் கம்பி, லாக்கர், சுவிட்ச், அழைப்பு மணி, கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, டிரிப்ஸ் ஸ்டாண்டு ஆகியவற்றில்தான். இவற்றை விடாமல் துடைப்பவரைத்தான் நல்ல வேலைக்காரர் என்று நான் சொல்வேன்.

9. மனிதர்கள்

கட்டிலருகே போனதும் "அம்மா, கீழே துடைச்சுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். டிரிப்ஸ், ஆக்சிஜன், மானிட்டர், ஒயர் எதையும் நகர்த்த வேண்டாம். இடைஞ்சலாக இருந்தால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். "கண்ணு, கொஞ்சம் தண்ணி தாயேன்" என்று ஒரு பாட்டி கேட்டால் மனசு இளகிவிடும். ஆனால் அவர் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவராக இருக்கலாம். "சிஸ்டர்ட்ட கேட்டுட்டு வர்றேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு, கேட்டு வந்து பதிலும் சொல்லுங்கள். நோயாளியின் சொந்தக்காரர்கள் காசு நீட்டினால் வாங்காதீர்கள். நோயாளியைப் பற்றி வெளியே பேசுவதும், வார்டில் போட்டோ எடுப்பதும் கூடாது.

முதல் நாளே வார்டில் ஒரு மரணம் நடக்கலாம். மாப்பை ஓரமாக வைத்துவிட்டு, குடும்பத்தினருக்கு வழிவிட்டு நில்லுங்கள். கண் கலங்கினால் கொஞ்சம் வெளியே போய் வாருங்கள். கூட வேலை செய்யும் அக்காவிடம் அன்றைக்கே அதைப் பேசிவிடுங்கள், வீட்டுக்குச் சுமந்து போகாதீர்கள்.

ஸ்பீக்கரில் "கோட் புளூ" என்று வந்தால் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது என்று பொருள். ஸ்டிரெச்சரும் ஆட்களும் ஓடிவருவார்கள், பக்கெட்டை வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். "கோட் ரெட்" தீ. "கோட் பிங்க்" பெரும்பாலும் குழந்தை காணாமல் போனது.

10. யாராவது பார்த்துவிட்டால்

இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்பவர்கள் குறைவு. நம் ஊரில் துப்புரவு வேலையைச் சாதியோடு கட்டிப்போட்டு, செய்பவரைக் கீழாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். அந்த அநியாயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் வரும் கூச்சம் உங்கள் குறை இல்லை. ஒரு ஆபரேஷன் தியேட்டரைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றால் எவ்வளவு பெரிய டாக்டர் தைத்தாலும் புண் சீழ் பிடிக்கலாம். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய காயகல்ப் திட்டத்தில் சுத்தத்துக்கும் தொற்றுத் தடுப்புக்கும்தான் அரசு மருத்துவமனைகளுக்கு விருது தருகிறார்கள். அந்த மதிப்பெண் உங்கள் கையால் வருவது. யாராவது "ஏய்" என்று கூப்பிட்டால், "என் பேரு இதுங்க, பேரைச் சொல்லியே கூப்பிடுங்க" என்று அமைதியாகச் சொல்லுங்கள். முதல் நாளே சொல்வதுதான் சுலபம்.

இன்னொன்றும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். செப்டிக் டேங்கிலோ சாக்கடைக் குழியிலோ இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அந்த வேலைக்கு ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

11. டூட்டி முடிந்து

முதலில் கையுறை, பிறகு ஏப்ரன், கடைசியில் மாஸ்க், அதன் பின் கை கழுவல். கழற்றும் வரிசை இது. மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துக் கழற்றுங்கள். யூனிஃபார்மை அங்கேயே மாற்றித் தனிக் கவரில் போட்டுக்கொண்டு போய், வீட்டுத் துணியோடு சேர்க்காமல் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். செருப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும். குளித்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள். இவ்வளவையும் செய்கிற வீட்டில், நோயைக் கொண்டுவந்துவிடுவேனோ என்று பயந்து பயந்து இருக்க வேண்டியதில்லை.

கால் வலிக்கும், முதுகு பிடிக்கும். ஒரு வாரத்தில் உடம்பு வசப்படும். மாப்பின் கைப்பிடி நெஞ்சு உயரத்துக்கு இருந்தால் குனிய வேண்டியிருக்காது. குட்டையாக இருந்தால் மறுநாள் மாற்றிக் கேளுங்கள்.

சம்பளக் கணக்கையும் முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம். பி.எஃப். 12 சதவீதம். பிடிக்கிறார்கள் என்றால் இ.எஸ்.ஐ. எண்ணும் யூ.ஏ.என். எண்ணும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

ஹெப்படைட்டிஸ் பி முதல் ஊசி போட்ட தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது என்று அந்த இரண்டு தேதிகளையும் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். நடுவில் ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் மீதி ஊசியை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்.